பந்திக் காட்சிக்கு ஒரு பாட்டு

குருநகரில் கொலின்சுக்கு இன்னொரு பெயர் இருந்தது: கொப்பிக் கொலின்ஸ். பதினைந்து ஆண்டுகளாகக் கலியாண வீடுகளிலும் திருநாள் மேடைகளிலும் அவன் கீபோட் வாசித்து வந்தான். வாசித்தவை அனைத்தும் கடல் கடந்து வந்த படப்பாட்டுகள். கேட்டதைக் கேட்டபடியே ஒரு சுரமும் பிசகாமல் திருப்பித் தருவான் என்று ஊரார் மெச்சினர். மெச்சிய வாயாலேயே அந்தப் பெயரையும் வைத்தனர். ஞாயிறு பூசைக்கு ஆர்மோனியத்தின் முன் அவன் அமரும்போதும் பின்வரிசை வாங்கிலிருந்து யாராவது ஒருவர் அதைச் சொல்லாமல் விடுவதில்லை.

ஆகையால் முப்பத்தெட்டாம் வயதில், 'அரைச் சீற்று' என்ற படத்தின் சுவரொட்டியில் 'இசை: கொலின்ஸ்' என்று அச்சானபோது, அவன் அதில் ஒன்றைக் கேட்டு வாங்கி வீட்டு விறாந்தையில் ஒட்டினான். ஆணி அடிக்கவில்லை; பசை தடவி, சுருக்கம் விழாமல் கையால் நீவி ஒட்டினான்.

தனியார் பேருந்து நடத்துனர் ஒருவனுக்கும், நாள்தோறும் அதில் பாடசாலைக்குப் போய்வரும் ஆசிரியை ஒருத்திக்கும் இடையே மலரும் காதலைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லும் படம் அது. இருவர் அமரும் ஆசனத்தில் மூன்றாமவளாக ஒண்டிக்கொள்ள அவளுக்குக் கிடைக்கும் பாதி இடமே தலைப்பாயிற்று. இயக்கியவன் ஜெரோசன், கொலின்சின் ஊரவன், இருபத்தொன்பது வயது, கலியாண வீடியோ எடுத்துத் தொழில் பழகியவன். ஒளிப்பதிவு செய்த லெனாட்டும் அந்தத் தொழிலில் வந்தவனே. கொலின்ஸ் இசையோடு ஒலிப்பதிவையும் பார்த்துக்கொண்டான். படத்தை எடுத்து முடிக்க நாற்பது நாள் போதுமாயிருந்தது. அது திரைக்கு வரப் பதினாறு மாதம் சென்றது.

உடுப்பிட்டியில் படப்பிடிப்பு நடந்த வீட்டுக்கு அடுத்த வளவு கதிரவேலு என்பவருடையது. வெங்காயமும் புகையிலையும் செய்து ஓய்ந்த எழுபது வயதுக்காரர். தண்ணீரும் மின்சாரமும் அவர் வளவிலிருந்தே வந்தன. அதற்குக் கைமாறாக அவர் கேட்டது ஒன்றுதான்: படத்தில் ஓரிடத்தில் தம் முகம் வரவேண்டும். கலியாணப் பந்தியின் முன்வரிசையில் அவரை இருத்தினார்கள். வசனம் எதுவும் கொடுக்கவில்லை. காட்சிக்காகச் சமைத்த சோற்றை அவர் மெய்யாகவே உண்டார். உண்டுகொண்டே குறையும் சொன்னார். சற்று முன்னர் நாயகி கஜானி ஆடியபோது ஒலிபெருக்கியில் ஓர் இந்தியப் படப்பாட்டை ஓடவிட்டிருந்தார்கள். பந்தியைப் படம்பிடிக்கும்போது அதை நிறுத்திவிட்டார்கள். வேலியடியில் அமர்ந்திருந்த தம் மனைவி மீனாம்பிகையிடம் கதிரவேலு, "தியேட்டரிலை பெரிசாப் பார், அப்பதான் உனக்கு நான் ஆரெண்டு தெரியும்," என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் கிணற்றடியில் மாரடைப்பு வந்து அவர் இறந்தார்.

கொலின்ஸ் அப்போது குடும்பத்தோடு மடுத் தேவாலயத் திருநாளுக்குப் போயிருந்தான். கனடாவிலிருந்த இரு மகன்மாரும் வந்துசேர முடியாமையால், செத்தவீட்டை நேரலையில் காட்டும் பொறுப்பை லெனாட் ஏற்றான். படத்தின் ஒலிப்பதிவுக் கருவியையும் கொண்டுபோனான். கொலின்ஸ் திரும்பி வந்து துக்கம் விசாரித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவன் தேநீர் குடித்து, தலை குனிந்திருந்து, எழுந்து வந்தான்.

படம் முதலில் சித்திரைக்கு வருவதாக இருந்தது. அதே நாளில் பெரிய நடிகர் ஒருவரின் இந்தியப் படம் வந்ததால் திரையரங்கு கையை விரித்தது. இரண்டாம் முறை நாள் குறித்து முன்னோட்டத்தை இணையத்தில் விட்டார்கள். அதில் கஜானி அந்த இந்தியப் பாட்டுக்கே ஆடினாள். குறும்படம் எடுப்போர் எல்லோரும் செய்வதுதானே என்று ஜெரோசன் எண்ணியிருந்தான். மூன்றாம் நாள் உரிமைக்காரரின் முறைப்பாட்டால் முன்னோட்டம் மறைந்தது. பாட்டை நீக்காமல் படத்தை ஓட்டமாட்டோம் என்று திரையரங்கும் அறிவித்தது. இறுதியாக மார்கழி மாதத்தில் ஒரு வெள்ளி, சனி, ஞாயிறு கிடைத்தன. அதற்கு ஒன்பது நாளே இருந்தன.

"அண்ணை, நீங்களே ஒண்டு போடுங்கோ," என்றான் ஜெரோசன். "ஆனால் கால் மாறக்கூடாது."

"கால் மாறக்கூடாதெண்டால்?"

"கஜானி ஆடினது ஆடினதுதான். திரும்ப எடுக்கேலாது. அவள் கலியாணம் முடிச்சு லண்டனுக்குப் போயிட்டாள். அவளின்ரை காலுக்குப் பாட்டு வேணும்."

கொலின்ஸ் நான்கு நாள் கீபோட்டின் முன் இருந்தான். விரலிலிருந்து வந்தவை எல்லாம் எங்கேயோ கேட்டவையாகவே இருந்தன. குசினிக்குள்ளிருந்து அவன் மனைவி ஜெசிதா ஒவ்வொன்றையும் இனங்கண்டு சொன்னாள்.

"உது போன கிழமை பாசையூர்க் கலியாணத்திலை வாசிச்சது."

சற்றுப் பொறுத்து, "உது அந்தோனியார் திருநாளுக்கு வாசிச்சது."

பிறகு, "உதை எங்கடை கலியாணத்துக்கே வாசிச்சனீங்கள். பொம்பிளையைப் பாக்காமல் கீபோட்டைப் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்."

ஐந்தாம் நாள், பின்னணிக்குக் காக்கைச் சத்தமாவது கிடைக்கும் என்று அவன் உடுப்பிட்டிக் கோப்புகளைத் துழாவினான். இடையில் பெயரிடப்படாத ஒரு பதிவு இருந்தது. நான்கு நிமிடம். ஓர் ஆண் குரல் அடியெடுத்துக் கொடுக்க, பலர் பின்தொடர்ந்து பாடினர். மரத்தின்மேல் மரம் விழும் ஓசை, ஒத்த இடைவெளியில், திரும்பத் திரும்பக் கேட்டது. கருவி தொலைவில் இருந்ததனால் சொற்கள் கலங்கியிருந்தன. 'இடித்து' என்ற ஒரு சொல் மட்டும் ஒவ்வொரு செய்யுளின் முடிவிலும் தெளிந்து வந்தது. அழுகை இல்லை. அயலில் எங்கோ கலியாணப் பலகாரத்துக்கு அரிசிமா இடிக்கிறார்கள் என்று கொலின்ஸ் எண்ணினான்.

அவன் அப்படி எண்ணியதில் வியப்பில்லை. சைவர்களின் செத்தவீடுகளுக்கு அவன் எத்தனையோ முறை போயிருக்கிறான். குருநகரிலிருந்து போகும் கத்தோலிக்கர்கள் பந்தலின் வெளிப்புறத்தில், ஒழுங்கையோரம் போட்ட கதிரைகளில் இருப்பார்கள், சோடா குடிப்பார்கள், பாடை புறப்படும்போது எழுந்து நிற்பார்கள். உள்ளே, இறந்தவரின் உடலில் பூசும் சுண்ணப் பொடியை உரலில் இடிப்பதையும், அதற்கென்று வழிவழியாக வந்த திருப்பாட்டை உறவினர் ஓதுவதையும், அந்த வேளையில் அழுகையை அடக்கிக்கொள்வதையும் அவர்கள் அருகிருந்து கண்டதில்லை.

பதிவின் வேகத்தைச் சற்றுக் கூட்டி, அவன் அதை ஆட்டக் காட்சியின்மேல் வைத்தான். கஜானியின் கால் விழுந்த இடத்தில் உலக்கை விழுந்தது. முதலிலிருந்து முடிவுவரை ஓரடிகூடத் தவறவில்லை.

மெட்டை எடுத்துக் குழலும் மத்தளமும் சேர்த்தான். உலக்கை ஓசையை மட்டும் பதிவில் இருந்தபடியே வைத்துக்கொண்டான். அதற்கு ஈடான ஓசை கீபோட்டில் இல்லை.

ஜெரோசன் கேட்டுவிட்டு இன்னொரு முறை ஓடவிட்டான்.

"ஆரின்ரை மெட்டு அண்ணை?"

"என்ரை," என்றான் கொலின்ஸ். படத்தின் மற்ற இரண்டு பாட்டுகளையும் பழைய கூத்து மெட்டுகளில்தான் அமைத்திருந்தான்; அந்தச் சொல்லைப் பதினைந்து ஆண்டுகளில் அவன் முதன்முறையாகச் சொன்னான். சொல்லி முடித்தபின் திருத்தவும் அவனுக்கு மனம் வரவில்லை.

பாட்டெழுதியவர் தேவராசா மாஸ்ரர். உடுப்பிட்டியில் தமிழ் படிப்பிப்பவர், ஐம்பத்தைந்து வயது, கோயிலில் பதிகம் ஓதுபவர். அந்த அயலில் இறப்பு நேர்ந்தால் திருப்பாட்டு ஓத முதலில் அவரைத்தான் அழைப்பார்கள். முன்னோட்டத்தால் வந்த வில்லங்கத்துக்குப் பிறகு, படம் வரும்வரை மெட்டு எவர் கைத்தொலைபேசிக்கும் போகக்கூடாது என்று ஜெரோசன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். ஆகவே கொலின்ஸ் சந்தத்தை மட்டும் 'தன தான' என்று எழுத்தில் அனுப்பினான். ஒரு மணி நேரம் ஆகவில்லை; மாஸ்ரர் அழைத்தார்.

"எழுதியாச்சு, கொலின்ஸ்."

"அதுக்கிடையிலையோ மாஸ்ரர்?"

"ஓம். மற்ற ரண்டு பாட்டுக்கும் ரண்டு கிழமை முறிஞ்சனான். இது சோறு வடிக்கமுன்னம் முடிஞ்சுது. நல்ல சந்தம் போட்டிருக்கிறாய். வாய் தானாப் போகுது."

மணமகளுக்குத் தோழியர் மஞ்சள் அரைப்பதாகவும், அரைத்துக்கொண்டே பந்திக்கு இலை விரிக்கச் சொல்வதாகவும் அவர் எழுதியிருந்தார். ஜெசிதா ஞாயிறு பூசைப் பாடகர் குழுவில் பாடுபவள், அவளே பாடினாள். இரண்டாம் முறை பாடி முடித்துவிட்டுக் காதிலிருந்த கருவியைக் கழற்றினாள்.

"கலியாணப் பாட்டுத்தானே?"

"ஓம். ஏன்?"

"ஒண்டுமில்லை. பாடேக்கை குரலைத் தாழ்த்த வேணும்போலை கிடக்கு."

"தாழ்த்தாதை. சிரிச்சுக்கொண்டு பாடு," என்றான் கொலின்ஸ்.

வெள்ளிக்கிழமை காலைக் காட்சி பத்தரை மணிக்கு. மழை விட்டிருந்தது. உடுப்பிட்டியிலிருந்து ஒரு வான் நிறைய ஆட்கள் வந்திருந்தனர். நடுவரிசையில் மீனாம்பிகை; அருகில் அவருடைய தம்பி கந்தப்புவும் குடும்பமும். கதிரவேலுவின் ஆண்டுத் திவசம் முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்ததனால் மீனாம்பிகை படம் பார்க்க வந்ததில் எவரும் குறை காணவில்லை. எதற்காக வந்திருக்கிறார் என்பதும் எல்லோருக்கும் தெரியும். நுழைவாயிலில் அவர் ஜெரோசனிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "தம்பி, அவர் முன்னுக்கு வருவரோ, கடைசியிலையோ?" கடைசிக் கலியாணத்தில் என்று அவன் சொன்னான்.

கொலின்ஸ் பின்சுவரோடு சாய்ந்து நின்றான். சனம் நன்றாகச் சிரித்தது. நடத்துனன் மிச்சக் காசு கொடுக்காமல் காதலைச் சொல்ல முயலும் இடத்தில் ஒரு முதியவர் இருமும்வரை சிரித்தார். இரண்டு பாட்டுகளுக்குக் கை தட்டினார்கள். பிறகு கலியாணக் காட்சி வந்தது. கஜானி சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு வந்து நின்றாள். உலக்கை விழுந்தது, பாட்டுத் தொடங்கியது.

சிரிப்பு ஒரேயடியாக நின்றது. யாரோ, "உதென்ன உது?" என்றார். இருமிய முதியவர் காலால் செருப்பைத் தேடினார். ஒரு பெண் தன் பிள்ளையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். குருநகரிலிருந்து வந்தவர்கள் மட்டும் தாளத்துக்குக் கை தட்டினார்கள்; மற்றவர்கள் எழுவதைக் கண்டு அவர்களும் நிறுத்தினார்கள்.

"எழும்பு அக்கா," என்றார் கந்தப்பு.

மீனாம்பிகை திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. "பொறு. அவர் இன்னும் வரேல்லை."

"இந்தப் பாட்டுக்குள்ளையோ இருக்கப் போறாய்? எழும்பு." அவர் தமக்கையின் முழங்கையைப் பிடித்துத் தூக்கினார். வரிசை முழுவதும் எழுந்து நடைபாதைக்கு வந்தது.

அவர்கள் கதவைத் தாண்டியபின் இரண்டாம் செய்யுள் தொடங்கியது. அப்போது திரை முழுவதும் கதிரவேலு தெரிந்தார். இலையின் முன் அமர்ந்து, வாய் அசைய ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சொன்னது கேட்கவில்லை. பாட்டு அதை மூடியிருந்தது. நடுவரிசைக் கதிரைகள் வெறுமையாகக் கிடந்ததைக் கொலின்ஸ் பார்த்துக்கொண்டு நின்றான்.

வெளியே கந்தப்பு ஜெரோசனை மறித்தார். "ஆர் உந்தப் பாட்டைப் போட்டது?"

"ஏன் ஐயா, என்ன பிழை?"

"என்ன பிழையோ? அத்தானுக்குச் சுண்ணம் இடிக்கேக்கை பாடினதை எடுத்து ஒருத்தியை ஆட விட்டிருக்கிறியள். நீயும் அண்டைக்கு வந்தனீதானே?"

"நான் வெளியிலை கதிரையிலை இருந்தனான் ஐயா."

"சோடா குடிச்சனி."

"ஓம்," என்றான் ஜெரோசன்.

லெனாட் கொலின்சின் கையைப் பிடித்துத் தூணுக்குப் பின்னால் கூட்டிச் சென்றான். "மச்சான், உந்த உலக்கை நான் எடுத்த சவுண்டல்லோ. பதிவு துண்டு துண்டாத்தான் விழுந்தது. மகன்மாருக்கு எல்லாத்தையும் அனுப்பிப்போட்டு அழிச்சனான். ஒரு துண்டு கிடந்திட்டுதுபோலை. என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே."

கேட்டிருந்தால் 'என்ரை' என்று சொல்லியிருக்க முடியாது. கொலின்ஸ் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

தேவராசா மாஸ்ரர் பாட்டு முடியும்வரை உள்ளேயே இருந்துவிட்டு, கடைசியாக வெளியே வந்தார். மூக்குக்கண்ணாடியைச் சால்வையில் துடைத்தார்.

"அண்டைக்கு அடியெடுத்துக் குடுத்தது நான்," என்றார். "மஞ்சள் அரைக்கச் சொல்லி ஆரும் என்னைக் கேக்கேல்லை. எனக்கு ஏன் அரைக்கிறது வந்ததெண்டு இப்பதான் விளங்குது."

"மாஸ்ரர், அந்தப் பாட்டின்ரை கருத்தென்ன? துக்கமோ?" என்று ஜெரோசன் கேட்டான்.

"இல்லை. பெண்கள் கூடி, மாலை தொங்கவிட்டு, விளக்கு வைச்சு, இறைவனை நீராட்டப் பொன் போலை பொடி இடிக்கிறது. முழுக்கச் சந்தோசம்."

"அப்ப நல்லதுதானே. ஒவ்வொரு காட்சிக்கு முன்னும் நீங்கள் மேடையிலை ஏறி இதைச் சொன்னால்?"

"ஆருக்குச் சொல்ல, தம்பி? எனக்கே தெரியும். தெரிஞ்சுகொண்டும் உள்ளை இருக்கேக்கை எனக்குக் கதிரவேலர்தான் கண்ணுக்குள்ளை வந்தவர்."

இரண்டரை மணிக் காட்சிக்குப் பதினொரு பேர் வந்தனர். ஆறரை மணிக் காட்சியை முகாமையாளர் நிறுத்தினார். சனி காலை ஒரு காட்சி தருவதாகவும், அதிலும் ஆட்கள் எழுந்து போனால் படத்தை எடுத்துவிடுவதாகவும் சொன்னார்.

பிற்பகல் நால்வரும் லெனாட்டின் வானில் உடுப்பிட்டிக்குப் புறப்பட்டார்கள். வல்லை வெளியில் மழை குறுக்காக அடித்தது. ஜெரோசன் கணக்கெடுத்துக்கொண்டு வந்தான்: கலியாணக் காட்சியை அடியோடு வெட்டிவிட்டால் படம் பதிவுத் திருமணத்தில் முடியும், கையெழுத்துப் போடுகிறார்கள், முடிந்தது, யாரும் எழும்பமாட்டார்கள்.

"வெட்டினால் கதிரவேலரும் போயிடுவர்," என்றார் மாஸ்ரர்.

"வேறை வழி இல்லை மாஸ்ரர். பந்தி முழுக்கப் பாட்டுக்கு மேலைதான் ஓடுது."

கொலின்ஸ் கண்ணாடியில் வழியும் நீரைப் பார்த்திருந்தான். பந்தியை எடுத்தபோது ஒலிபெருக்கி நின்றிருந்ததும், தான் இலைக்கு எதிரே குந்தியிருந்து ஒலிவாங்கியைப் பிடித்திருந்ததும் அவனுக்கு நினைவிருந்தன. அந்தப் பதிவு வீட்டில் இருந்தது. அதைச் சொன்னால் பாட்டுக்கு வேலையில்லாமற் போகும். சொல்லாவிட்டால் காட்சி வெட்டப்பட்டு, பாட்டு இசைத்தட்டிலாவது தன் பெயரோடு மிஞ்சும். தொண்டைமானாற்றுப் பாதை பிரியும் இடம்வரை அவன் ஒன்றும் பேசவில்லை. அதன் பின்னும் பேசவில்லை.

மீனாம்பிகை அவர்களை உள்ளே கூப்பிட்டு இருத்தினார். கந்தப்பு வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். ஜெரோசன் ஆயத்தம் செய்து வந்த மன்னிப்பைச் சொன்னான். மாஸ்ரர் தம் பங்குக்குச் சொன்னார். மீனாம்பிகை எல்லாவற்றையும் கேட்டார்.

"பாட்டின்ரை கதையைப் பிறகு கதையுங்கோ," என்றார். "அவர் வாற இடம் எது?"

ஜெரோசன் கொலின்ஸ் பக்கம் திரும்பினான்.

"நீங்கள் எழும்பிப் போன பிறகு அம்மா," என்றான் கொலின்ஸ். "ரண்டாவது அடிக்கு."

"எவ்வளவு நேரம்?"

"ரண்டு மூண்டு தரம் வருவர்."

மீனாம்பிகை தம்பியைப் பார்த்தார். கந்தப்பு முற்றத்தைப் பார்த்தார்.

ஜெரோசன் கைத்தொலைபேசியை எடுத்தான். "இதிலை காட்டுறன் அம்மா. சத்தத்தை நிப்பாட்டிப்போட்டு."

"அதிலை வேண்டாம். கனடாப் பிள்ளையளைத்தான் நான் அதிலை பாக்கிறனான். அவர் பெரிசாப் பாக்கச் சொன்னவர்." சற்றுப் பொறுத்துத் தொடர்ந்தார்: "ஆனால் தம்பி, அந்தப் பாட்டோடை நான் அவரைப் பாக்கமாட்டன். இஞ்சை இந்த முற்றத்திலைதான் இடிச்சது. அந்த உலக்கைச் சத்தம் எனக்குத் தெரியும். பூண் கழண்ட உலக்கை."

"பாட்டு இராது," என்று ஜெரோசன் விரைந்து சொன்னான். "அந்தக் காட்சியையே எடுக்கப்போறம்."

"எடுத்தால் அவர்?"

ஜெரோசன் மாஸ்ரரைப் பார்த்தான்.

"ஆக, பதினாறு மாசம் பாத்திருந்தது இதுக்குத்தான்," என்றார் மீனாம்பிகை. குரல் உயரவில்லை. எழுந்து, தேநீர் வைப்பதற்காகக் குசினிப் பக்கம் திரும்பினார்.

"அம்மா, கொஞ்சம் இருங்கோ," என்றான் கொலின்ஸ்.

அவர் நின்றார்.

"அந்தப் பாட்டு என்ரை இல்லை. என்ரை எண்டு எல்லாருக்கும் சொன்னனான். உங்கடை வீட்டுப் பதிவிலை கிடந்ததை எடுத்துப் போட்டனான். மா இடிக்கிற பாட்டெண்டு நினைச்சன். ஆரிட்டையும் கேக்கேல்லை, கேட்டால் என்ரை எண்டு சொல்லேலாதெண்டுதான் கேக்கேல்லை."

ஜெரோசன் அவனைத் திரும்பிப் பார்த்தான். "அண்ணை, என்ன சொல்லுறியள்?"

"பொறு. பந்தி எடுக்கேக்கை பாட்டு ஓடேல்லை. நான் தனியாச் சவுண்ட் எடுத்தனான், வீட்டிலை கிடக்கு. அவர் கதைச்சது முழுக்க அதிலை இருக்கு. பாட்டைத் தூக்கிப்போட்டு அதை வைக்கலாம்."

"டான்ஸ்?"

"டான்ஸ் போகும். அதிலை இந்தியப் பாட்டுத்தான் பதிஞ்சிருக்கு."

"கஜானி லண்டனிலையிருந்து என்னைத் தின்னுவாள்."

"இசை இல்லாமல் ஒரு கலியாணமோ?" என்று லெனாட் கேட்டான்.

"சாப்பிடேக்கை ஆர் இசை கேக்கிறது?" என்றார் கந்தப்பு. அன்று அவர் சீறாமல் சொன்ன முதல் வார்த்தை அது.

மீனாம்பிகை கொலின்சை நெடுநேரம் பார்த்தார். "அவர் கதைக்கிறது கேக்குமோ?"

"கேக்கும் அம்மா."

"அப்ப நாளைக்கு வாறன்," என்றார். "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

சனிக்கிழமை பத்தரைக் காட்சிக்கு அறுபது பேர்வரை வந்தனர். பாதிப்பேர் என்ன நடந்தது என்று பார்க்க வந்தவர்கள். கஜானி விடியுமுன்னே நான்கு முறை அழைத்திருந்தாள். ஜெரோசன் ஐந்தாம் முறை எடுக்கவில்லை. எழுத்தோட்டத்தில் மூன்றாம் பாட்டுக்குரிய வரியைக் கொலின்சே நீக்கியிருந்தான். ஜெசிதாவின் பெயரும் அதனோடு போயிற்று. அவள் அதைப்பற்றிக் கேட்கவில்லை; "குருநகரிலை இனி என்ன பேர் வைப்பினமோ," என்று மட்டும் சொன்னாள்.

மீனாம்பிகை கந்தப்புவோடு பேருந்தில் வந்து, முன்னைய நாள் இருந்த அதே கதிரையில் இருந்தார். கொலின்ஸ் பின்சுவருக்குப் போகாமல், அவர்களுக்குப் பின்வரிசையில் ஓரமாக அமர்ந்தான்.

கலியாணக் காட்சி இலை விரிப்பதில் தொடங்கியது. ஆட்டம் இல்லை, பாட்டு இல்லை. வாளியின் கைபிடி கிணுகிணுத்தது. அகப்பை தட்டியது. எங்கோ ஒரு காகம் கத்தியது. இசை எப்போது வரும் என்று சிலர் தலையைத் திருப்பினார்கள். ஆயினும் எவரும் எழவில்லை. அப்போது கதிரவேலு திரையை நிறைத்தார். ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்து, மென்று, பரிமாறுகிறவனை அண்ணாந்து பார்த்தார்.

"தம்பி, குழம்பு நல்லாக் கிடக்கு," என்றார். "உப்புத்தான் காணாது. மாப்பிள்ளை வீட்டுக்காரரின்ரை சமையலோ?"

எழுதிக்கொடுத்த வசனம் என்று எண்ணிச் சனம் பலமாகச் சிரித்தது. மீனாம்பிகை சிரிக்கவில்லை. முன்னால் சற்றே குனிந்து, கண் இமைக்காமல் இருந்தார்.

"வீட்டிலையும் உதுதான் சொல்லுவர்," என்றார், யாரையும் பாராமல். "டொக்டர்தான் உப்பைக் குறைக்கச் சொன்னவர்."

திரையில் கதிரவேலு மோரைக் கையில் வாங்கிக் குடித்தார். அருகிலிருந்தவரிடம் ஏதோ சொன்னார். பிறகு கலியாண வீட்டு முறைப்படி இலையைத் தம் பக்கமாக மடித்துவிட்டு எழுந்தார்.